லண்டன் சுற்றி வந்த வீட்டுச் சேதி

சவரம் செய்துகொண்டே செய்தி கேட்பதற்கு சோவியத் தலைவர் மிகயில் கோர்பச்சேவ் ஒரு சின்ன சோனி டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். மாஸ்கோ வீட்டில் காலை வேளைகளில் அதில் 'மயாக்' நிலையம் ஓடும். 1991 ஆகஸ்டில் குடும்பத்தோடு கிரீமியாவுக்கு விடுமுறைக்குக் கிளம்பியபோது துணிமணிகளோடு அதுவும் பெட்டிக்குள் போனது. கருங்கடலை ஒட்டிய ஃபோரோஸில் அவருக்கென்று கட்டிய மாளிகை. அரசாங்கத் தொலைபேசிகள், ராணுவத் தலைமையோடு நேரடித் தொடர்பு, அணு ஆயுதங்களுக்கான சங்கேதப் பெட்டி என ஒரு வல்லரசை உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்துவதற்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன.

ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு, மாஸ்கோவிலிருந்து சிலர் வந்திருக்கிறார்கள் என்று காவலர் வந்து சொன்னார். கூப்பிடாமல் வந்தவர்கள். யார் அனுப்பியது என்று கேட்க கோர்பச்சேவ் ஒரு தொலைபேசியை எடுத்தார். சத்தமில்லை. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. மேசையிலிருந்த அத்தனை தொலைபேசிகளும் ஊமையாகிக் கிடந்தன. வந்தவர்கள் நெருக்கடி நிலைக்குச் சம்மதம் கேட்டார்கள். இல்லாவிட்டால் பதவியைத் துணைத்தலைவரிடம் விட்டுவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வந்தவர்கள் போனார்கள், காவல் இறுகியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாஸ்கோ வானொலி நாட்டுக்கு அறிவித்தது: கோர்பச்சேவுக்கு உடல்நிலை சரியில்லை, துணைத்தலைவர் யானாயேவ் பொறுப்பேற்கிறார், எட்டுப் பேர் கொண்ட அவசரநிலைக் குழு ஆட்சியை நடத்தும். குடியரசுகளுக்குக் கூடுதல் உரிமை தரும் புதிய ஒன்றிய ஒப்பந்தம் 20ஆம் தேதி கையெழுத்தாக வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் முன்னால் நாட்டின் தலைவர் நோயாளியாக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்கோ தெருவில் பிறந்த சேதி ஒன்று, 1,300 கிலோமீட்டருக்குள் இருந்த அந்த மனிதரின் காதுக்கு வந்து சேர ஐயாயிரம் கிலோமீட்டர் சுற்றியது. அது போன வழியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் மனதுக்குள் தடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதே சேதி அன்றிரவு கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வந்ததுதான் காரணம்.

அந்தத் திங்கட்கிழமை மாஸ்கோவில் தொலைக்காட்சியைத் திருப்பியவர்கள் 'அன்னப்பறவை ஏரி' பாலே நடனம் பார்த்தார்கள். ஒன்பது செய்தித்தாள்களைத் தவிர மற்றவற்றுக்குத் தடை. 'எகோ மாஸ்க்வி' என்ற புதிய வானொலி நிலையத்தின் வாயை அடைத்தார்கள். தெருவில் டாங்கிகள். மதியவாக்கில் ரஷ்யக் குடியரசின் தலைவர் போரிஸ் யெல்த்சின், 'வெள்ளை மாளிகை' என்று அழைக்கப்பட்ட ரஷ்ய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே வந்து, அங்கே நின்ற டாங்கி ஒன்றின் மேல் ஏறி ஒரு தாளை வாசித்தார். நடந்திருப்பது சட்டவிரோதமான ஆட்சிக் கவிழ்ப்பு, யாரும் பணிய வேண்டாம் என்பது அதன் சாரம். ஒலிபெருக்கி கிடையாது. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். அந்தத் தாளைப் படியெடுத்துச் சுரங்க ரயில் நிலையச் சுவர்களில் ஒட்டினார்கள். அந்தப் பகலில் ஊருக்குள் அந்தச் சேதியால் போக முடிந்த தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெளியே போவதற்கு ஒரு வழி மிச்சமிருந்தது. சதி செய்தவர்கள் கோர்பச்சேவின் தொலைபேசியை அறுத்தார்கள்; மாஸ்கோவின் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்புகளை அறுக்கவில்லை. வெள்ளை மாளிகைக்குள் இருந்த 'ரேடியோ லிபர்ட்டி' நிலையத்தின் செய்தியாளர்கள் அங்கிருந்தபடியே ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பிபிசியின் ஆட்கள் லண்டனுக்குச் சொன்னார்கள். சேதி இப்படித்தான் ஒரு செப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டியது.

லண்டனில் அது போய் இறங்கிய இடம் புஷ் ஹவுஸ். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உலகத்தோடு பேசிய கட்டடம். ஒரே செய்தி நகல் எல்லா மொழி மேசைகளுக்கும் போகும். ரஷ்ய மொழிக்கான மேசை 1946இல் தொடங்கியது. நம் தமிழ் மேசை அதற்கும் மூத்தது, உலகப் போரின் நடுவே 1941இல் தொடங்கியது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் ஒரு அறையில் 'டாங்கி' என்று ரஷ்ய மொழியில் எழுதிய நேரத்தில் இன்னொரு அறையில் ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்திருப்பார். அந்த இரண்டு தாள்களில் ஒன்று சிறையிருந்த தலைவருக்கு, மற்றொன்று எங்களுக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எழுதிய தாள் வாசிக்கப்பட்டுக் கம்பி வழியாக ஒலிபரப்புக் கோபுரங்களுக்குப் போகும். ரேடியோ லிபர்ட்டிக்கு ஸ்பெயின் நாட்டின் கடலோரத்தில் பால்ஸ் என்ற ஊரில் ஒரு நிலையம் இருந்தது. மத்தியதரைக் கடல் மணலில், 1959 முதல், 150 மீட்டரையும் தாண்டிய இரும்புக் கோபுரங்கள் வரிசை கட்டி நின்றன. கடலோரத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; ஏரியலுக்கு முன்னால் விரிந்த கடல் கண்ணாடித் தளம்போல் வேலை செய்து, அலையைத் தாழ்வான கோணத்தில் வெகுதூரத்துக்கு எறியும்.

அங்கிருந்து அது ஏறும் பாதைதான் சிற்றலையின் அதிசயம். பூமிக்கு மேலே சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி காற்றணுக்களை உடைத்து மின்னேற்றம் பெற்ற ஒரு மண்டலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. அயனி மண்டலம் என்கிறோம். சிற்றலை அதில் பட்டு வளைந்து கீழே திரும்பும். ஒரே தாவலில் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கும். நடுவிலிருக்கிற எல்லை, வேலி, சுங்கச்சாவடி எதுவும் அதற்குத் தெரியாது. லண்டனிலிருந்தோ பால்ஸிலிருந்தோ கிரீமியா ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர்தான். ஒரே தாவல். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கூரை நிலையானதல்ல. பகலில் தாழ்ந்த அடுக்கு ஒன்று உருவாகி நீளமான அலைகளை விழுங்கும். அப்போது 19, 16 மீட்டர் போன்ற குட்டை அலைகளில் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்து 41, 49 மீட்டர் உயிர்பெறும். ஒரே அலை இரண்டு வழியில் வந்து ஒன்றையொன்று தூக்கவும் அமுக்கவும் செய்வதால் குரல் அருகில் வந்து தூரம் போய் மறுபடி அருகில் வரும். சிற்றலை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், முக்கியமான பெயர் வரும்போதுதான் குரல் அமுங்கும். நல்லவேளையாக அந்த ஆண்டுகளில் சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்திருந்தன. கரும்புள்ளிகள் கூடினால் அயனி மண்டலம் தடிக்கும், உயர் அதிர்வெண் பட்டைகள் நன்றாக வேலை செய்யும். அந்த ஆகஸ்டில் வானம் கேட்பவர்கள் பக்கம் இருந்தது என்று சொல்வது வெறும் அலங்காரமல்ல.

இதே சேதி நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு கிளம்பியிருந்தால் கிரீமியாவில் இறங்கியிருக்காது. சோவியத் அரசு 1940களின் இறுதியிலிருந்தே வெளிநாட்டு ஒலிபரப்புகளின் மேல் இரைச்சலைக் கொட்டி வந்தது. ரேடியோ லிபர்ட்டி 1953 மார்ச் 1ஆம் தேதி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அதன் மேல் இரைச்சல் விழுந்தது. அதே அதிர்வெண்ணில் உறுமலும் கரகரப்பும் சேர்த்து ஒலிபரப்புவதற்கென்றே நகரத்துக்கு நகரம் கோபுரங்கள் இருந்தன. ஊருக்குள் இருக்கும் இரைச்சல் கோபுரத்தின் வீச்சு சில பத்துக் கிலோமீட்டர்தான் என்பதைக் கண்டுகொண்ட மக்கள், வாரக் கடைசியில் நகரத்துக்கு வெளியே தோட்ட வீடுகளுக்குப் போய்க் கேட்டார்கள். கையில் ரீகா நகரத்து வெஃப் தொழிற்சாலையில் செய்த டிரான்சிஸ்டர். 1960இல் 'ஸ்பிடோலா' என்ற பெயரில் வந்த அந்த வரிசைதான் சோவியத் நாட்டில் பெருமளவில் உற்பத்தியான முதல் சிற்றலை டிரான்சிஸ்டர் ரேடியோ. உள்நாட்டில் விற்ற பெரும்பாலான பெட்டிகளில் 25 மீட்டருக்குக் குறைந்த பட்டைகளே இருக்காது. பகலில் நன்றாகக் கேட்கும் பட்டைகள் அவைதான் என்பதால் அவற்றை நம் மக்களுக்குத் தர வேண்டாம் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். ஏற்றுமதிப் பெட்டிகளில் அவை உண்டு. கம்பிச்சுருள் சுற்றத் தெரிந்த தெருக்கோடி மெக்கானிக்குகள் உள்நாட்டுப் பெட்டியைத் திறந்து இல்லாத பட்டையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது மாஸ்கோ வாய்திறக்கவே இரண்டு நாளுக்கு மேலானது. காற்றில் கதிர்வீச்சு கூடியிருப்பதை ஸ்வீடன்தான் முதலில் உலகத்துக்குச் சொன்னது. எந்தத் திசையில் காற்று வீசுகிறது, பிள்ளைகளை வெளியே விடலாமா என்று தெரிந்துகொள்ள மக்கள் வெளிநாட்டு நிலையங்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

அந்த இரைச்சலை நிறுத்தியவர் கோர்பச்சேவ். 1987இல் பிபிசி மீதும் 'அமெரிக்காவின் குரல்' (வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா) வானொலி மீதும் இருந்த தடை விலகியது; 1988 நவம்பர் முடிவில் ரேடியோ லிபர்ட்டிக்கும் விலகியது. அப்போது அது உலக நாடுகளிடம் நல்லெண்ணம் தேடும் ஒரு கொள்கை முடிவு. மூன்றாவது ஆண்டில் தன் குடும்பம் உயிரோடிருக்குமா என்பதைத் தெரிந்துகொள்ள அந்தத் திறந்த வானத்தைத்தான் நம்பப்போகிறோம் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

ஃபோரோஸில் முதலில் தொலைக்காட்சியும் நின்றுபோயிருந்தது. மாளிகையில் நிலையாக வைத்திருந்த வானொலியும் பேசவில்லை. அவரை விட்டுப் போகாத காவலர்கள் பணியாளர் குடியிருப்புகளைத் துழாவிப் பழைய ரேடியோக்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார்கள். கம்பி இழுத்து ஏரியல் கட்டினார்கள். கூடவே அந்தச் சவர நேரத்து சோனி. மருத்துவரான மருமகன் அனத்தோலியும் மகள் இரினாவும் அதைக் காதோடு வைத்துக்கொண்டு முள்ளை நகர்த்தினார்கள். பிபிசிதான் தெளிவாகக் கேட்டது. லிபர்ட்டியும் அமெரிக்காவின் குரலும் கிடைத்தன என்று திரும்பி வந்தபின் பத்திரிகையாளர்களிடம் கோர்பச்சேவே சொன்னார்.

அந்த அறையை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கடல், கடலில் போர்க்கப்பல்கள். உள்ளே இரண்டு சின்னப் பேத்திகள். வெளியிலிருந்து சேதி உள்ளே வருகிறது. உள்ளிருந்து வெளியே ஒரு சொல்கூடப் போக முடியவில்லை. ரேடியோப் பெட்டி கேட்கும், பேசாது. அந்த நாட்களில் ஓர் இரவு வீட்டு வீடியோ கேமரா முன்னால் உட்கார்ந்து, தான் நலமாக இருப்பதாகவும் நடந்தது மோசடி என்றும் கோர்பச்சேவ் பேசிப் பதிவு செய்தார்கள். பின்பு மருமகன் அந்தக் காசெட்டைப் பிரித்து, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, பொட்டலம் கட்டினார், எப்படியாவது ஒன்றாவது வெளியே போய்ச் சேரட்டும் என்று. மாஸ்கோவில் அவர் படுத்த படுக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து நடமாடுகிறார் என்ற ஒரு வரிச் செய்திக்குக் கோபுரமும் இல்லை, கம்பியும் இல்லை, வெட்டிய நாடா மட்டும்தான்.

வந்து சேரும் செய்தி எப்போதும் ஆறுதலாகவே இருக்கும் என்றில்லை. ஆகஸ்ட் 21 பிற்பகல் மூன்று மணியளவில் அந்த சோனியில் பிபிசி ஒரு தகவல் சொன்னது: கோர்பச்சேவின் உடல்நிலையை நேரில் பார்க்க ஒரு குழு கிரீமியா செல்ல கேஜிபி தலைவர் கிரியுச்கோவ் சம்மதித்திருக்கிறார். கேட்கும் நமக்கு நல்ல செய்தி. அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அதன் பொருள் வேறு. நோயாளி என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பார்க்க ஆள் வருவதற்குள் சொன்னதை உண்மையாக்கிவிட்டால்? மனைவி ரைஸாவின் கை மரத்தது. பேச வாய் எழவில்லை. மருமகன் மருத்துவராக இருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது. அந்த நாட்களைப் பற்றி ரைஸா எழுதிய குறிப்புகளைப் படித்தபோது என்னால் எளிதில் தாண்ட முடியாத இடம் இதுதான். சதி தோற்றுக்கொண்டிருந்தது என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்ட நேரம் அது. அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்த ஒரு வரி, அதே நேரத்தில் அந்த அம்மாவைச் சாய்த்துவிட்டது.

முந்தைய இரவு மாஸ்கோவில் கவச வண்டிகளின் முன்னால் மூன்று பேர் இறந்திருந்தார்கள். 21ஆம் தேதி படைகள் திரும்பத் தொடங்கின. அன்று மாலை கிரியுச்கோவும் பாதுகாப்பு அமைச்சர் யாசோவும் ஃபோரோஸுக்கு வந்து பார்க்கக் காத்திருந்தார்கள். முதலில் தொலைபேசி இணைப்பைக் கொடுங்கள், பிறகு பேசலாம் என்றார் கோர்பச்சேவ். இணைப்பு வந்தது. சேதி இனி நேர்வழியில் போகலாம்.

இதே நாட்களில் கோவில்பட்டி. எங்கள் வீட்டில் மூன்று பட்டை பிலிப்ஸ் பெட்டி. ஏரியல் என்பது வேப்பமரக் கிளைக்கு இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. கண்ணாடிக்குப் பின்னால் நூலில் ஓடும் சிவப்பு முள். 31 மீட்டரில் ஒரு மயிரிழை நகர்ந்தால் சீனாக்காரன் வந்துவிடுவான். அப்பாவின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே அந்தக் குமிழைத் தொடலாம். பேட்டரிக்கட்டை தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். இரவு ஒன்பதே கால் ஆனால் தெருவில் பாதிப் பேர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையின் நேரம்.

நூல் மில்லில் வேலை பார்த்த தொழிற்சங்கக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அப்பாவுக்கு அவர் அண்ணாச்சி, எனக்குப் பெரியப்பா. அவர் வீட்டில் 'சோவியத் நாடு' இதழ் வரும். படித்து முடித்த இதழ்களின் வழவழப்பான தாள்தான் எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை. மாஸ்கோவில் அச்சான தமிழ் நாவல்கள் அவர் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தன. கோர்க்கியை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். மூன்று மாதத்துக்கு முன்பு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மே 21 இரவுக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று கேட்கவும் இதே திண்ணைக்குத்தான் வந்தார்.

ஆகஸ்ட் 19 இரவு தமிழோசை முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்: "உடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரிக்கில்ல கூட்டிட்டுப் போவாக. டாங்கி எதுக்குத் தம்பி?"

அப்பா, "பொறுங்க அண்ணாச்சி, மாஸ்கோவையும் கேட்டுப் பாத்திருவோம்" என்று முள்ளை நகர்த்தினார். மாஸ்கோ வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அவசரநிலைக் குழுவின் அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வரிவரியாகத் தமிழில் சொன்னார். பெரியப்பா திண்ணைத் தூணில் சாய்ந்து, கையிலிருந்த பீடியைப் பற்றவைக்காமலே கேட்டார். தான் வாழ்நாளெல்லாம் நம்பிய குரலும் லண்டன் குரலும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. எது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதைச் சொல்ல அவருக்கு நாலு நாளானது. நான்காம் நாள் வந்து, "நம்ம ஆளு உசுரோட திரும்பிட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு நிலையத்தையும் கேட்டுப் பார்க்கும் அப்பாவின் அந்தப் பழக்கத்தை நான் இன்றைக்கும் பெரிதாக மதிக்கிறேன். வெளிநாட்டுக் குரல்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு. ரேடியோ லிபர்ட்டிக்கு 1970களின் தொடக்கம்வரை அமெரிக்காவின் சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது. பிபிசி உலக சேவைக்கான பணம் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்திடமிருந்து வந்தது. 1956இல் ஹங்கேரியில் எழுச்சி நடந்தபோது லிபர்ட்டியின் சகோதர நிலையமான ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் சில ஒலிபரப்புகள், மேற்கு நாடுகள் உதவிக்கு வரும் என்ற நம்பிக்கையை அந்த மக்களிடம் வளர்த்தன. உதவி வரவில்லை, டாங்கிகள் வந்தன. தூரத்துக் குரலை நம்பித் தெருவில் இறங்கியவர்களின் ரத்தம் அந்த நிலையத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதனால்தான் ஒரு நிலையத்தோடு நிற்கக்கூடாது. ஃபோரோஸில் சிறையிருந்தவரும் மூன்று நிலையங்களைக் கேட்டார். எங்கள் திண்ணையும் இரண்டைக் கேட்டது.

வீட்டுச் சேதி லண்டன் போய்த் திரும்புவது ரஷ்யாவின் கதை மட்டுமல்ல. 1984 அக்டோபர் 31 அன்று ராஜீவ் காந்தி வங்காளச் சுற்றுப்பயணத்திலிருந்து டெல்லிக்கு விரைந்தபோது, தன் தாய்க்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழியில் பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஆகாசவாணி இந்திரா காந்தியின் மரணத்தை மாலையில்தான் அறிவித்தது. 1988இல் பர்மாவில், ஆகஸ்ட் 8ஆம் தேதி நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்று ரங்கூன் மாணவர்கள் எடுத்த முடிவு ரங்கூனுக்கே பிபிசியின் பர்மிய ஒலிபரப்பு வழியாகத்தான் பரவியது.

எனக்கு மிக நெருக்கமான கதை யாழ்ப்பாணத்துடையது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. தடைசெய்த பொருள்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. தங்கள் தெருவில் விழுந்த குண்டைப் பற்றி, தங்களைப் பற்றி நடக்கும் பேச்சுவார்த்தையைப் பற்றி அறிய மக்களுக்குத் தமிழோசை வேண்டும். சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓட்டினார்கள். அங்கிருந்து சென்னைக்கு வந்த நண்பர் ஒருவர் எனக்கு அதைச் செய்தே காட்டினார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். டைனமோவின் தலையை டயரில் அழுத்தினார். டைனமோ தருவது ஆறு வோல்ட், நான்கு பேட்டரிக்கட்டை அளவு. ஆனால் அது மாறுதிசை மின்சாரம். ரேடியோவுக்கு நேர்மின்சாரம் வேண்டும். நடுவில் ஒரு டயோடு, ஒரு கப்பாசிட்டர். பிறகு கையால் பெடலைச் சுற்றினார். வேகம் சீராக இருக்க வேண்டும். குறைந்தால் குரல் தேயும், கூடினால் பெட்டி கருகிவிடும் என்ற பயம்.

"பக்கத்து வீட்டு அக்காக்கள், ஐயா, அம்மா எல்லாரும் சுத்தி இருப்பினம். பெடல் சுத்துறது என்ர வேலை. கை உளையும். நிப்பாட்டினா லண்டன்காரன் வாயை மூடிப்போடுவான்" என்றார்.

யாழ்ப்பாணத்துச் சேதி கொழும்பு போய், லண்டன் போய், அங்கே தமிழாகி, மறுஒலிபரப்பு நிலையம் ஒன்றின் வழியாக மேலே போய் வளைந்து, இருட்டில் ஒரு பையன் சுற்றும் பெடலின் வேகத்தில் அதே யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. பெடல் சுற்றுகிறவனுக்குக் கவனம் முழுக்க வேகத்தில். செய்தி அவன் காதில் பாதிதான் விழும். மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுந்துபோகும்போது முகத்தைப் பார்த்து மீதியைத் தெரிந்துகொள்வானாம்.

ஆகஸ்ட் சதி முறிந்த ஒரு வாரத்துக்குள்ளேயே யெல்த்சின், ரேடியோ லிபர்ட்டி மாஸ்கோவில் அலுவலகம் திறக்க அனுமதித்து ஆணை போட்டார். எதிரியின் குரல் என்று பெயர் வாங்கிய நிலையம் வாசல் வழியாக உள்ளே போனது. அதன்பின் கோபுரங்களின் வேலை ஒவ்வொன்றாக முடிந்தது. பால்ஸ் நிலையம் 2001இல் ஓய்ந்தது; 2006 மார்ச்சில் வெடிவைத்துக் கோபுரங்களைக் கடற்கரை மணலில் சாய்த்தார்கள். பிபிசி ரஷ்ய மொழிச் சிற்றலை 2011 மார்ச்சில் நின்றது. தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரல் 30ஆம் தேதி முடிந்தது. அன்று அப்பாவின் பிலிப்ஸை இறக்கித் துடைத்து ஒன்பதே காலுக்குப் போட்டேன். வேப்பமரம் இல்லை. கம்பியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கட்டினேன். குரல் அருகில் வந்தது, தூரம் போனது, மறுபடி வந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் போயின. மார்ச்சில் பிபிசி இணையதளத்தை ரஷ்யா முடக்கியது. அதே மார்ச்சில் லண்டன் மறுபடி இரண்டு சிற்றலைகளைத் திறந்தது, கீவ் நகரத்திலும் ரஷ்யாவின் சில பகுதிகளிலும் கேட்கும்படியாக, நாளுக்கு நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தி. மாலையில் 15735 கிலோஹெர்ட்ஸ், இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை 5875. முதலாவது 19 மீட்டர்ப் பக்கம். ரீகாவில் செய்த பழைய உள்நாட்டு வெஃப் பெட்டிகளில் அந்தப் பட்டை இருக்காது. இரண்டாவது 49 மீட்டரை ஒட்டியது. அந்தப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கியவர்கள் இரவு பத்து மணி ஆகும்வரை காத்திருந்திருக்க வேண்டும்.